நெஞ்சை விடுங்கள், செயலை விசாரியுங்கள்

2008-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 10-ஆம் தேதி, அமெரிக்காவின் மின்னசோட்டா மாகாணத்தில் லேக்வில் என்னும் ஊரில், குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி அபேட்சகரான ஜான் மெக்கெய்ன் தம் ஆதரவாளர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டத்திலிருந்து எழுந்த ஓர் அம்மாள் ஒலிவாங்கியைக் கையில் பிடித்துக்கொண்டு, எதிர்க்கட்சி அபேட்சகரான பராக் ஒபாமாவைத் தம்மால் நம்ப முடியவில்லை என்றும், அவரைப் பற்றித் தாம் படித்திருப்பதாகவும், அவர் ஓர் அராபியர் என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னார். மெக்கெய்ன் தலையை அசைத்தபடியே அந்த ஒலிவாங்கியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "இல்லை அம்மா" என்று மறுத்து, ஒபாமா கண்ணியமான குடும்பஸ்தர், இந்த நாட்டின் பிரஜை, தமக்கும் அவருக்கும் அடிப்படையான விஷயங்களில் அபிப்பிராய பேதம் உண்டு, அதைத் தீர்த்துக்கொள்ளவே இந்தத் தேர்தல் நடக்கிறது என்று விளக்கினார். ஒபாமா ஜனாதிபதியானால் பயப்பட வேண்டியதில்லை என்று அதே கூட்டத்தில் அவர் வேறொருவருக்குச் சொன்னபோது, அவருடைய ஆதரவாளர்களே அவரைப் பார்த்துக் கூச்சலிட்டார்கள்.

ஒன்பது நாட்கள் கழித்து, அதே குடியரசுக் கட்சியைச் சேர்ந்தவரும் முன்னாள் வெளியுறவு மந்திரியுமான காலின் பவல், தொலைக்காட்சிப் பேட்டி ஒன்றில் இந்த விவகாரத்தை இன்னும் ஓர் அடி ஆழத்துக்குக் கொண்டுசென்றார். ஒபாமா முஸ்லிம் என்று தம் கட்சியின் மூத்தவர்களே பேசுவதைத் தாம் கேட்டிருப்பதாகவும், அவர் எப்போதுமே கிறிஸ்துவர்தான் என்பதே அதற்குச் சரியான பதில் என்றும் சொன்ன பவல், உண்மையில் சொல்ல வேண்டிய பதில் வேறு என்றார்: அவர் முஸ்லிமாகவே இருந்தாலும்தான் என்ன? ஆர்லிங்டன் இடுகாட்டில் ஒரு தாய், ஈராக்கில் மடிந்த தன் மகனுடைய கல்லறைக் கல்லின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டிருக்கும் புகைப்படத்தைத் தாம் பார்த்ததாகவும், அந்தக் கல்லில் சிலுவை இல்லை, பிறையும் நட்சத்திரமும் இருந்தன என்றும், இறந்தவனுக்கு வயது இருபது என்றும் அவர் சொன்னபோது, தேர்தல் மேடைகளில் இனத்தைப் பற்றியும் மதத்தைப் பற்றியும் நடக்கிற வழக்குகளில் எந்தக் கேள்வி முதற்கேள்வியாக இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெளிவாயிற்று. மெக்கெய்னுடைய பதில் பெருந்தன்மையானது. ஆனால் அராபியர் என்பதற்கு மறுப்பாகக் 'கண்ணியமான குடும்பஸ்தர்' என்று சொல்வதிலுள்ள குறை அந்தக் கணத்தில் அவருக்கே தோன்றவில்லை. நல்ல மனிதரும் தவறான சொல்லைச் சொல்லக்கூடும் என்ற இந்தச் சாதாரண உண்மையை மறந்துவிடுவதால்தான், இனவாதத்தைப் பற்றிய குற்றச்சாட்டுகள் தேர்தல்தோறும் பயனற்ற வசை மாரியாகப் போய் முடிகின்றன.

என் கட்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓர் அபேட்சகர் அந்தரங்கத்தில் இனத் துவேஷம் உள்ளவரா இல்லையா என்பது, ஆண்டவனைத் தவிர வேறு யாராலும் தீர்மானிக்க முடியாத, வாக்காளருக்கு அவசியமுமில்லாத கேள்வி. அவர் என்ன சொன்னார், என்ன செய்தார், அந்தச் சொல்லும் செயலும் யாருடைய பயத்தைத் தூண்டி யாருடைய வாக்கைச் சேர்க்க முயன்றன என்பதே, விசாரணைக்கு உட்படக்கூடியதும் உட்படுத்த வேண்டியதுமான கேள்வி. முதல் கேள்வியைக் கேட்பவர்கள் தேர்தலைச் சண்டைக் களமாக்குகிறார்கள். இரண்டாவதைக் கேட்க மறுப்பவர்களோ அநியாயத்துக்குக் குடை பிடிக்கிறார்கள்.

நெஞ்சை விசாரிப்பது ஏன் வீண் என்பதற்கு ஜார்ஜ் வாலஸின் சரித்திரத்தைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. அலபாமா மாகாணத்தில் நீதிபதியாக இருந்த காலத்தில், கறுப்பு வழக்கறிஞர்களையும் வெள்ளையருக்குரிய மரியாதையோடு 'மிஸ்டர்' என்று அழைத்தவர் அவர் என்று, அவர் முன் வாதாடிய கறுப்பு வழக்கறிஞர் ஒருவரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1958-இல் கவர்னர் பதவிக்கான உட்கட்சித் தேர்தலில் அவர் நின்றபோது, கறுப்பர்களின் உரிமைச் சங்கம் அவரை ஆதரித்தது. அவரை எதிர்த்து நின்ற ஜான் பாட்டர்சனுக்கோ முகமூடி அணிந்து கொலையும் தீவைப்பும் செய்த கூ கிளக்ஸ் கிளான் கூட்டத்தின் ஆதரவு கிடைத்தது. வாலஸ் தோற்றார். தோற்றவர், இனிமேல் கறுப்பருக்கு எதிரான பேச்சில் எவரும் தம்மை மிஞ்ச விடப்போவதில்லை என்று சங்கற்பம் செய்துகொண்டார். நான்கு வருஷங்களுக்குப் பின் அந்தச் சங்கற்பத்தின் பலனாகவே வென்று, 1963 ஜனவரியில் பதவியேற்ற அன்று, நிறப் பிரிவினை இன்றும் நாளையும் என்றென்றும் நிலைக்கும் என்று முழங்கினார். அவருடைய நெஞ்சில் துவேஷம் இருந்ததா? இருந்ததென்றால் 1958-க்கு முன்பு அது எங்கே ஒளிந்திருந்தது? இல்லையென்றால் 1963-இல் அவர் வாயிலிருந்து வந்தது யாருடைய குரல்? கேள்விக்கு விடை கிடைக்காது. கிடைத்தாலும் அலபாமாவில் பள்ளிக்கூட வாசலில் தடுத்து நிறுத்தப்பட்ட கறுப்பு மாணவர்களுக்கு அதனால் யாதொரு பிரயோஜனமும் இல்லை. வாலஸ் செய்தது வியாபாரம். சந்தையில் எந்தச் சரக்கு விலைபோகிறது என்று பார்த்து அதையே கடை பரப்பினார். தேர்தல் இனவாதம் பெரும்பாலும் இப்படிப்பட்ட வியாபாரமே என்பதை உணர்ந்துகொண்டால், வியாபாரியின் மனத்தை ஆராய்வதை விட்டுவிட்டு, அவனுடைய சரக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியம் நமக்கே விளங்கும்.

இந்தச் சரக்கு காலத்துக்கேற்ப உருமாறும். 1964-இல் சிவில் உரிமைச் சட்டமும் 1965-இல் வாக்குரிமைச் சட்டமும் நிறைவேறிய பிறகு, மேடையில் ஏறிக் கறுப்பர்களைப் பச்சையாக நிந்திப்பவன் வாக்கை இழந்தான். ஆகவே நிந்தை மறைந்து, அதன் ஸ்தானத்தில் சாதுவான சொற்கள் வந்து அமர்ந்தன. குடியரசுக் கட்சியின் தேர்தல் நிபுணராகப் பேர் பெற்ற லீ அட்வாட்டர், 1981-இல் ஓர் அரசியல் ஆராய்ச்சியாளருக்கு அளித்த பேட்டியில், இந்த உருமாற்றத்தை ஒளிவுமறைவின்றி விவரித்தார்: 1954-இல் வசைச்சொல்லையே நேராகச் சொல்ல முடிந்தது, 1968-க்குள் அது எதிர்விளைவைத் தந்ததால் மாகாண உரிமை என்றும், நிறப் பிரிவினையைப் போக்கப் பள்ளிப் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றி வேறு பேட்டைக்கு அனுப்பும் திட்டத்தை எதிர்ப்பது என்றும் பேச வேண்டியதாயிற்று, பின்னர் வரிக் குறைப்பைப் போன்ற பொருளாதாரப் பேச்சே போதுமானதாயிற்று, அதன் உபவிளைவாக வெள்ளையரைவிடக் கறுப்பர் அதிகம் அடிபடுவார்கள். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டும் வித்தை என்று நம் பாட்டிமார் சொல்வது இதைத்தான்.

அதே அட்வாட்டர் 1988-இல் ஜார்ஜ் புஷ்ஷின் தேர்தல் பிரசாரத்தை நடத்தினார். எதிர் அபேட்சகரான மைக்கேல் டுகாகிஸ் கவர்னராக இருந்த மாசசூசெட்ஸ் மாகாணத்தில், கைதிகளுக்குச் சில நாட்கள் சிறை விடுப்பு அளிக்கும் திட்டம் ஒன்று இருந்தது. அதை 1972-இல் தொடங்கிவைத்தது டுகாகிஸ் அல்லர், அவருக்கு முன்பிருந்த குடியரசுக் கட்சிக் கவர்னர். கொலைக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனை அனுபவித்துவந்த வில்லியம் ஹார்ட்டன் என்ற கறுப்பர், 1986-இல் அப்படி விடுப்பில் போனவர் திரும்பாமல், அடுத்த வருஷம் மேரிலாந்தில் ஒரு வீட்டுக்குள் புகுந்து ஆணைக் கத்தியால் தாக்கிப் பெண்ணைப் பலாத்காரம் செய்தார். குற்றம் கொடியது, ஆயுள் கைதிகளுக்கும் விடுப்பு அளித்த திட்டம் கண்டனத்துக்குரியது, அதைப் பற்றிக் கேள்வி கேட்க எந்த அபேட்சகருக்கும் உரிமை உண்டு. ஆனால் புஷ்ஷை ஆதரித்த ஒரு வெளி அமைப்பு தயாரித்த தொலைக்காட்சி விளம்பரம் கேள்வி கேட்பதோடு நிற்கவில்லை. போலீஸார் எடுத்த ஹார்ட்டனின் முகப்படத்தைத் திரை நிறையக் காட்டி, 'வில்லி' என்று பெயரையும் சுருக்கி, எதையும் வாயால் சொல்லாமலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. அந்த வருஷத்தின் கோடையில் பதினேழு சதவிகிதப் புள்ளிகள் முன்னணியில் இருந்ததாகக் கருத்துக் கணிப்பில் காணப்பட்ட டுகாகிஸ், நவம்பரில் பத்து மாகாணங்களையும் தலைநகரையும் மட்டுமே வென்றார். தோல்விக்கு அந்த விளம்பரம் ஒன்றே காரணமென்று சொல்வது மிகையாகும். அது ஒரு காரணமுமில்லை என்று சொல்வது பொய்யாகும்.

இங்கேதான், இனவாதம் என்று பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுவதால் ஏதேனும் நன்மை உண்டா என்ற கேள்விக்கு நான் அறிந்தவற்றுள் தெளிவான விடை கிடைக்கிறது. பிரசாரம் பல வாரங்கள் நடந்தும் டுகாகிஸின் கட்சியார் இனப் பேச்சை எடுக்கவே அஞ்சி மௌனமாக இருந்தார்கள். அக்டோபர் மாதத்தில் கறுப்பர் தலைவரான ஜெஸ்ஸி ஜாக்சன் வெளிப்படையாக எழுந்து, இந்த விளம்பரம் இன பயத்தை மூட்டி வாக்குச் சேர்க்கிறது என்றார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் அரசியல் அறிஞர் டாலி மெண்டல்பர்க், 2001-இல் வெளியிட்ட நூலில், அந்தத் தேர்தலின் கருத்துக் கணிப்புகளை நாள்வாரியாகப் பகுத்துப் பார்த்துக் கண்டது இது: மறைமுகமாக இருந்த வரையில் அந்த விளம்பரத்தின் விஷம் வேலை செய்தது, ஜாக்சன் அதைப் பெயர் சொல்லி வெளிச்சத்துக்கு இழுத்த பிறகு அதன் வீரியம் குறைந்தது. ஏனென்றால் வெள்ளை வாக்காளர்களில் மிகப் பெரும்பாலோர் தங்களைச் சமத்துவத்தில் நம்பிக்கையுள்ளவர்களாகவே கருதினார்கள். தங்களுக்குள் எது தூண்டப்படுகிறது என்று தெரியாத வரையில் அசைந்தவர்கள், தெரிந்தவுடன் தங்களைத் தாங்களே தடுத்துக்கொண்டார்கள். மனித சுபாவத்தைப் பற்றிய இதைவிட நம்பிக்கையளிக்கும் செய்தியை நான் தேர்தல் இலக்கியத்தில் படித்ததில்லை. குற்றச்சாட்டு நியாயமானதாக இருக்குமானால், அது எதிரியை அவமானப்படுத்துவதைவிடக் கேட்பவரின் மனச்சாட்சியை எழுப்புவதாலேயே பயன்படுகிறது.

அட்வாட்டர் மூளையில் கட்டி வந்து, 1991 மார்ச் மாதத்தில் நாற்பதாவது வயதில் இறந்தார். இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பு ஒரு பத்திரிகையில், டுகாகிஸைப் பற்றித் தாம் பேசிய பேச்சின் கொடுமைக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். ஆயினும் தாம் இனவாதி அல்லர் என்றே சொன்னார். அதை நான் நம்ப மறுக்கவில்லை. நம்புவதனால் அந்த விளம்பரத்தைப் பற்றிய தீர்ப்பு ஒரு மயிரிழையும் மாறுவதில்லை என்பதே நான் சொல்ல வந்தது.

1990-இல் வட கரோலினாவில், வெள்ளையரான செனட்டர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ், ஷார்லட் நகரத்தின் முன்னாள் மேயரும் கறுப்பருமான ஹார்வி கான்ட்டை எதிர்த்து வெளியிட்ட விளம்பரத்தையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். திரையில் முகம் கிடையாது. கட்டம் போட்ட சட்டையணிந்த ஒருவருடைய இரண்டு வெள்ளைக் கைகள் மட்டும் தெரிகின்றன. அவை ஒரு கடிதத்தைப் பிடித்திருக்கின்றன. வேலை இல்லை என்று வந்த கடிதம். அந்த வேலைக்கு நீங்களே தகுதியானவர், ஆனால் ஒதுக்கீட்டுக்காக அதைச் சிறுபான்மையினன் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று பின்னணியில் ஒரு குரல் சொல்கிறது; கைகள் கடிதத்தைக் கசக்குகின்றன. ஒதுக்கீடு சரியா தவறா என்பது கண்ணியமாக விவாதிக்கத்தக்க விஷயம். அதை எதிர்ப்பவர் எல்லோரும் இனவாதிகள் என்பது அபாண்டம். ஆனால் அந்தக் கைகளின் நிறத்தை மாற்றிப் பார்த்தால் விளம்பரமே நிற்காது. அதன் வாதம் முழுவதும் தோலில் இருக்கிறது. நிறத்தையும் முகத்தையும் நீக்கிவிட்ட பிறகும் வாதம் நிற்குமானால் அது கொள்கை. நீக்கியவுடன் விழுந்துவிடுமானால் அது இனவாதம். என் அறிவுக்கு எட்டிய மட்டில் இதைவிடச் செம்மையான துலாக்கோல் வேறில்லை.

மெக்கெய்னை மீண்டும் அழைக்கிறேன். ஏனெனில் லேக்வில் கூட்டத்துக்கு எட்டு வருஷங்களுக்கு முன்பு அவரே இந்தத் துலாக்கோலின் இரண்டு தட்டுகளிலும் நின்றவர். 2000-ஆம் வருஷத்து உட்கட்சித் தேர்தலில், நியூ ஹாம்ப்ஷயரில் பெரும் வெற்றி கண்டு அவர் தென் கரோலினாவுக்கு வந்தபோது, கறுப்புப் பெண் ஒருத்தியிடம் முறைதவறிப் பெற்ற குழந்தை அவருக்கு உண்டு என்ற அபவாதம் தொலைபேசி வழியாகவும் துண்டுப் பிரசுரங்கள் வழியாகவும் வீடு வீடாகப் பரப்பப்பட்டது. அவரும் மனைவியும் வங்காளதேசத்தின் டாக்கா நகரத்து அநாதை இல்லத்திலிருந்து எடுத்து வளர்த்த பெண் குழந்தையின் மாநிறமே அதற்கு 'அத்தாட்சி' ஆயிற்று. மெக்கெய்ன் அந்த மாகாணத்தில் தோற்றார். அதே பிரசாரத்தில், அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்பகுதியாரின் பழைய கொடி தென் கரோலினாவின் அரசாங்க மாளிகை மீது பறப்பதைப் பற்றி அவரிடம் கேட்டபோது, முதலில் கண்டித்தவர், வாக்குப் போய்விடும் என்று பயந்து, அது பாரம்பரியச் சின்னம் என்று மழுப்பினார். தேர்தல் முடிந்து இரண்டு மாதங்களுக்குள் அதே மாகாணத்துக்குத் திரும்பிவந்து, தோல்விக்கு அஞ்சி உண்மையைச் சொல்லாமல் விட்டது தம் தவறு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். இனத் துவேஷத்துக்கு இரையானவரே அதனோடு சமரசமும் செய்துகொண்டவர். செய்துகொண்டவரே அதற்காக வருந்தியும் நின்றவர். இப்படிப்பட்ட மனிதரை 'இனவாதி' என்ற ஒற்றைச் சொல்லால் எந்தப் பட்டியலில் சேர்ப்பது? மனிதரைப் பட்டியலில் சேர்க்க வேண்டியதில்லை. செயலுக்குப் பெயர் வைத்தால் போதும் என்று நான் மன்றாடுவது இதனால்தான்.

குற்றம் சாட்டுகிறவர்களிடத்திலும் குற்றம் உண்டு. அதை மறைத்தால் என் வாதம் பொய்த்துவிடும். 2008-இல் ஜனநாயகக் கட்சிக்குள்ளேயே ஹிலாரி கிளிண்டனுக்கும் ஒபாமாவுக்கும் நடந்த போட்டி, ஒரு பெண்ணும் ஒரு கறுப்பரும் ஒரே சமயத்தில் வரலாற்றின் கதவைத் தட்டிய அபூர்வமான தருணம். இரு தரப்பின் காயங்களும் மெய்யானவை; கூட்டத்தில் எழுந்து நின்று தம் சட்டைக்கு இஸ்திரி போடும்படி ஹிலாரியைப் பார்த்துக் கத்திய ஆண்களும் அங்கே இருந்தார்கள். ஆனால் மார்ட்டின் லூதர் கிங்கின் கனவு சட்டமாவதற்கு ஜான்சன் என்ற ஜனாதிபதி தேவைப்பட்டார் என்று ஹிலாரி சொன்னபோது, சரித்திரத்தைப் பற்றிய ஒரு சாதாரண அபிப்பிராயம் கிங்கை இழிவுபடுத்தும் பேச்சாகத் திரிக்கப்பட்டது. அது அநியாயம். தென் கரோலினாவில் ஒபாமா 55 சதவிகித வாக்குப் பெற்று வென்ற நாளில், ஜெஸ்ஸி ஜாக்சனும் 1984-லும் 1988-லும் இங்கே வென்றிருக்கிறார் என்று ஹிலாரியின் கணவர் பில் கிளிண்டன் சொன்னது வேறு ஜாதி. அந்த மாகாணத்தில் முன்பு வென்றவர்கள் எத்தனையோ பேர் இருக்க, தோலின் நிறம் ஒன்றினாலேயே ஒப்புமைக்கு வந்த பெயர் அது. முகத்தை நீக்கிப் பாருங்கள், ஒப்புமை விழுந்துவிடும்.

அதே வருஷம் மார்ச் மாதத்தில் ஜெரால்டின் ஃபெராரோ, ஒபாமா வெள்ளையராக இருந்திருந்தால் இந்த நிலைக்கு வந்திருக்கமாட்டார் என்றார். 1984-இல் ஒரு பெரிய கட்சியின் உபஜனாதிபதி அபேட்சகராக நின்ற முதல் பெண்மணி அவர். தாம் ஆணாகப் பிறந்திருந்தால் அந்த ஸ்தானம் தமக்குக் கிடைத்திராது என்று தம்மைப் பற்றியும் அவ்வாறே சொல்லிக்கொண்டவர். கண்டனம் எழுந்ததும், தாம் வெள்ளையர் என்பதனாலேயே தம்மைத் தாக்குவதாகக் குறைப்பட்டு, ஹிலாரியின் பிரசாரக் குழுவிலிருந்து விலகினார். அவருடைய நெஞ்சில் வஞ்சம் இருந்ததென்று நான் கருதவில்லை. ஆனால் ஒரு கறுப்பருடைய கல்வியையும் பேச்சாற்றலையும் உழைப்பையும் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு நிறத்தை மட்டும் மிச்சம் வைக்கும் அந்த வாக்கியம் தவறானது. வாக்கியத்தைக் கண்டித்திருக்கலாம், வாழ்நாள் முழுவதும் சமத்துவத்துக்காக உழைத்த பெண்மணியை இனவாதியென்று தூற்றியிருக்க வேண்டியதில்லை. புலி வருகிறது, புலி வருகிறது என்று கூவிய பையனுடைய கதையை நாம் எல்லோரும் குழந்தையிலேயே கேட்டிருக்கிறோம். அந்தக் கதையில் ஆடுகளை இழந்தது பையன் ஒருவன் மட்டுமா? பொய்க் கூவலால் நம்பிக்கை அழிந்த ஊரில், மெய்யாகவே புலி அடித்தவனுடைய கூவலும் காற்றோடு போய்விடுகிறது.

இந்தச் சூறாவளிக்கு நடுவே, தம் தேவாலயப் போதகர் ஜெரெமையா ரைட்டின் பிரசங்கங்களால் எழுந்த கொந்தளிப்புக்குப் பதிலாக, ஒபாமா மார்ச் 18-ஆம் தேதி ஃபிலடெல்ஃபியாவில் ஆற்றிய உரை, அமெரிக்கத் தேர்தல் மேடை கேட்ட உரைகளுள் நெடுங்காலம் நிற்கக்கூடியது. அவர் போதகரின் சொற்களைக் கண்டித்தார். கறுப்பருடைய கோபத்தின் வேரைக் காட்டினார். வேலையையும் ஓய்வூதியத்தையும் இழந்த வெள்ளைத் தொழிலாளியின் மனக்கசப்பையும் இனவாதமென்று ஒதுக்கிவிடக் கூடாதென்றார். தம்மை வளர்த்து ஆளாக்கிய வெள்ளைக்காரப் பாட்டி, தெருவில் கடந்துபோகும் கறுப்பர்களைக் கண்டு பயப்படுவதாக ஒருமுறை தம்மிடம் சொன்னதையும் மறைக்காமல் சொன்னார். பாட்டியை அவர் கைவிடவில்லை. பாட்டியின் பயத்தை நியாயப்படுத்தவுமில்லை. நெஞ்சையும் செயலையும் வேறு வேறாகப் பிடித்துப் பேசுவது சாத்தியமே என்பதற்கு அந்த ஒரு வாக்கியம் சாட்சி.

இனி, 'அடையாள அரசியல்' என்ற சொல்லைப் பற்றி. சிறுபான்மையினர் ஒருவர் தம் அனுபவத்தை மேடையில் சொன்னவுடன், அது அடையாள அரசியல் என்று கையை வீசித் தள்ளிவிடுவது இன்று எளிதான உபாயமாகிவிட்டது. அந்தச் சொல்லை முதன்முதலில் பொருள்படுத்தி எழுதியவர்கள், 1977-இல் பாஸ்டன் நகரத்துக் கறுப்புப் பெண்களின் ஒரு சிறு குழுவினர். பெண்கள் இயக்கத்தில் தங்கள் நிறமும் கறுப்பர் இயக்கத்தில் தங்கள் பெண்மையும் மறக்கப்பட்டதைக் கண்டு, தங்கள் நிலையிலிருந்தே தங்கள் அரசியலைத் தொடங்க வேண்டும் என்றவர்கள். பிறருக்கு எதிராகத் திரள அவர்கள் அழைக்கவில்லை. வாலஸ் கூட்டியதும் அட்வாட்டர் எண்ணியதும் ஹெல்ம்ஸ் கசக்கியதும் அடையாள அரசியல் இல்லையா? பெரும்பான்மையோரின் அடையாளம் தினமும் உடுத்தும் உடையைப் போல் உடுத்தியவருக்கே தெரியாமல் போவதால் அதற்குப் பெயர் இல்லாமற்போயிற்று. சிறுபான்மையோரின் அடையாளம் மட்டும் வேஷமாகக் கண்ணில் பட்டது. இரண்டுக்கும் ஒரே பெயரை வைப்பதே நியாயத்தின் ஆரம்பம்.

இந்த விஷயம் தமிழ் வாசகருக்கு அந்நியமன்று. 1958-இல் பத்தொன்பது வயதில் இந்தியாவிலிருந்து பெர்க்லிக்கு மேல்படிப்புக்குச் சென்ற தமிழ்ப் பெண்மணி ஷ்யாமளா கோபாலனுடைய மகள் கமலா ஹாரிஸ், 2019 ஜூன் 27-ஆம் தேதி மயாமி நகரத்து விவாத மேடையில் ஜோ பைடனைப் பார்த்து, முதலில் சொன்னது இது: நீங்கள் இனவாதி என்று நான் நம்பவில்லை. அதன் பின்பே, நிறப் பிரிவினையை ஆதரித்த செனட்டர்களோடு இணங்கி வேலை செய்ததைப் பெருமையாகப் பேசியது தமக்கு எவ்வளவு வேதனை தந்தது என்பதையும், பள்ளிப் பிள்ளைகளைப் பஸ்ஸில் அனுப்பும் திட்டத்தை அவர் எதிர்த்ததையும், அப்படிப் பஸ்ஸில் போன சிறுமி தாமே என்பதையும் சொன்னார். செயலைக் குறிப்பிட்ட, பதில் சொல்ல இடம் கொடுத்த குற்றச்சாட்டு அது. சில மணி நேரத்துக்குள் அந்தச் சிறுமியின் படம் அச்சிட்ட சட்டைகளை அவருடைய பிரசாரக் குழு விற்கத் தொடங்கியதை நான் பாராட்ட முடியாது. காயத்தைக் கடைச்சரக்காக்குவது யார் செய்தாலும் பிழை. ஆயினும் நெஞ்சைத் தாக்காமல் செயலைத் தாக்கியதனால், பதினான்கு மாதங்களுக்குள் பைடன் அவரையே உபஜனாதிபதி அபேட்சகராகத் தேர்ந்தெடுக்க முடிந்தது. இனவாதியென்று வைதிருந்தால் அந்தக் கதவு இருவருக்குமே மூடியிருக்கும்.

2024 ஜூலை 31-ஆம் தேதி, சிகாகோவில் கறுப்புப் பத்திரிகையாளர் சங்கத்தின் மேடையில், ஹாரிஸ் முன்பெல்லாம் இந்திய வம்சாவளியையே முன்னிறுத்தி வந்ததாகவும், திடீரென்று கறுப்பராக மாறிவிட்டதாகவும் டொனால்ட் டிரம்ப் சொன்னார். கறுப்பர்களுக்காகவே தோன்றிய ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவரைப் பற்றிச் சொன்ன சொல் அது. தாய் தமிழ்ப் பெண்மணி, தந்தை ஜமைக்கா நாட்டுக் கறுப்பர். மகள் இரண்டுமாக இருக்கக் கூடாதா? செப்டம்பரில் டிரம்ப்பின் ஆதரவாளரான ஒரு பெண் பிரசாரகர், ஹாரிஸ் வென்றால் வெள்ளை மாளிகையில் குழம்பு வாசனை வீசும் என்று எழுதினார். ஹாரிஸின் தாய்வழிப் பூர்வீக ஊரான துளசேந்திரபுரத்துக் கோயிலில் அவருக்காக அர்ச்சனை செய்த கிராமத்தாருடைய அடுப்பிலும், என் வீட்டு அடுப்பிலும், இதைப் படிக்கிற உங்கள் வீட்டு அடுப்பிலும் கொதிப்பது அந்தக் குழம்புதான். அந்தப் பேச்சை அருவருப்பான இனவாதமென்று பகிரங்கமாகக் கண்டித்தவர்களில் ஒருவர், டிரம்ப்பின் தீவிர ஆதரவாளராக அப்போது விளங்கிய மார்ஜரி டெய்லர் கிரீன். எதிர்க்கட்சியார் ஆயிரம் பேர் கண்டிப்பதைவிடத் தன் கட்சியார் ஒருவர் கண்டிப்பதற்கு வலு அதிகம். ஏனென்றால் அதில் லாபக் கணக்கு இல்லை.

இந்தத் துறையில் நான் மிகவும் போற்றும் நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். 1972-இல் ஜனாதிபதி பதவிக்கான உட்கட்சித் தேர்தலில் ஷெர்லி சிஸ்ஹோம் நின்றார். அமெரிக்கக் காங்கிரஸுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்புப் பெண்மணி அவர். தாம் கறுப்பர் என்பதில் பெருமையுண்டு, ஆனால் கறுப்பர்களின் அபேட்சகர் அல்லர். பெண் என்பதில் பெருமையுண்டு, ஆனால் பெண்களின் அபேட்சகர் அல்லர். மக்களின் அபேட்சகர் என்று அறிவித்துக்கொண்டே அவர் களமிறங்கினார். அதே தேர்தலில் ஜார்ஜ் வாலஸும் நின்றார். மே 15-ஆம் தேதி மேரிலாந்தில் ஒருவன் வாலஸைச் சுட்டான். அவர் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்து படுக்கையில் விழுந்தார். சிஸ்ஹோம் ஆஸ்பத்திரிக்குப் போய் அவரைப் பார்த்தார். உங்கள் ஜனங்கள் என்ன சொல்வார்கள் என்று வாலஸ் கேட்டதற்கு, அவர்கள் என்ன சொல்வார்கள் என்பது தமக்குத் தெரியும் என்றும், உங்களுக்கு நேர்ந்தது வேறு யாருக்கும் நேர வேண்டாமென்றே தாம் நினைப்பதாகவும் பதில் சொன்னார், வாலஸ் அழுதார். தொகுதியில் சிஸ்ஹோமுக்கு எதிர்ப்புக் கிளம்பியது. நிறப் பிரிவினையைப் பற்றித் தாம் பேசிவந்த பேச்சில் ஒரு சொல்லையும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை. வீட்டு வேலைக்காரிகளுக்கும் குறைந்தபட்ச ஊதியம் தரவேண்டும் என்ற மசோதாவுக்காகப் பின்னர் அவர் பாடுபட்டபோது, தென்பகுதி உறுப்பினர்களின் வாக்கைத் திரட்ட வாலஸ் உதவினார் என்று சிஸ்ஹோமே சொல்லியிருக்கிறார். வாலஸும் தம் பிற்காலத்தில் கறுப்பர் தேவாலயங்களுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

தேர்தல் காலத்தில் ஒருவரைப் பற்றி 'இனவாதி' என்ற சொல் உங்கள் காதில் விழும்போது, அவர் சொன்னது என்ன, செய்தது என்ன என்று முதலில் கேளுங்கள். விளம்பரத்திலிருந்து முகத்தையும் பெயரையும் நீக்கிவிட்டு மிச்சம் என்ன என்று பாருங்கள். உங்களுக்குப் பிடித்த கட்சி அதையே செய்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று கேள்விகளையும் தாண்டி நிற்கிற குற்றச்சாட்டைக் கூசாமல், உரக்க, பெயர் சொல்லிச் சொல்லுங்கள், தாண்டாததைச் சொல்லாதிருங்கள். அவ்வளவு சிரத்தை வாக்காளருக்கு வந்துவிட்டால், பயத்தை விற்கிறவனுடைய கடை தானாகவே மூடிவிடும்.